பருவமழைக்கு முன்பே ஃப்ளூ தடுப்பூசி: கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் அரசே போட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் காய்ச்சல் முகாம்கள் பற்றிய அறிவிப்புகள் தங்கள் நாளிதழில் ஆண்டுதோறும் வெளிவருகின்றன. கொசு ஒழிப்பு, காய்ச்சி ஆறவைத்த குடிநீர், நிலவேம்புக் குடிநீர், முகக்கவசம் என்று அறிவுரைகளும் உடன் வருகின்றன. அந்தப் பட்டியலில் பெரும்பாலும் இடம்பெறாத ஒன்றைப் பற்றி எழுதவே இக்கடிதம். இன்ஃப்ளூயன்சா எனப்படும் ஃப்ளூ காய்ச்சலுக்குத் தடுப்பூசி இருக்கிறது. பணம் உள்ளவர்கள் தனியார் மருத்துவமனையில் அதைப் போட்டுக்கொள்கிறார்கள். யாருக்கு அது மிகவும் தேவையோ, அந்தக் கர்ப்பிணிகளுக்கும், சர்க்கரை நோய், இதய நோய், ஆஸ்துமா உள்ள முதியவர்களுக்கும், ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் முடிவதற்குள் அரசே அதை இலவசமாகப் போட வேண்டும் என்பது என் கோரிக்கை. பொது சுகாதாரத் துறையில் கிராம சுகாதார செவிலியராகவும், பின்னர் சமுதாய சுகாதார செவிலியராகவும் பணியாற்றி ஓய்வுபெற்றவள் நான். இது நடக்கக்கூடிய காரியம் என்பதை அந்தப் பணியின் அனுபவத்தில் இருந்தே சொல்கிறேன்.

நம் ஊரில் ஃப்ளூ காய்ச்சலை ஒரு நோயாகவே மதிப்பதில்லை. ‘வைரல் ஃபீவர்’, ‘விஷக் காய்ச்சல்’, ‘சீதோஷ்ணம் மாறியிருக்கிறது’ என்று சொல்லி நான்கு நாள் படுத்து எழுந்துவிடுவதே வழக்கம். பத்தில் ஒன்பது பேருக்கு அப்படி முடிந்தும் போகிறது என்பதால்தான் பத்தாவது ஆளைப் பற்றிய கவலை யாருக்கும் எழுவதில்லை. ‘பன்றிக் காய்ச்சல்’ என்ற பெயரில் வந்தால் மட்டும் ஊர் அஞ்சுகிறது. ஆனால் 2009இல் உலகைச் சுற்றிவந்த அந்த எச்1என்1 வைரஸ்தான் இன்று ஆண்டுதோறும் வந்து போகும் பருவகால ஃப்ளூ வைரஸ்களில் ஒன்றாக நம்மிடையே நிலைத்துவிட்டது. 2015இல் இந்தியாவில் பரிசோதனையில் உறுதியான எச்1என்1 நோயாளிகள் மட்டும் 42 ஆயிரத்துக்கு மேல். இறந்தவர்கள் ஏறத்தாழ 3 ஆயிரம் பேர். பரிசோதனை செய்யப்படாமலே போனவர்கள் இந்தக் கணக்கில் இல்லை. உலக அளவில் ஆண்டுதோறும் 30 லட்சம் முதல் 50 லட்சம் பேர் ஃப்ளூவால் கடுமையாக நோயுறுகிறார்கள் என்றும், சுவாசக் கோளாறால் மட்டும் 2 லட்சத்து 90 ஆயிரம் முதல் 6 லட்சத்து 50 ஆயிரம் பேர் வரை இறக்கிறார்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது.

‘சுவாசக் கோளாறால் மட்டும்’ என்பதைக் கவனிக்க வேண்டும். ஃப்ளூவால் நேரும் மரணங்களில் கணிசமானவை அதன் பெயரில் பதிவாவதே இல்லை. காய்ச்சலும் இருமலுமாக இருந்த பெரியவர் ஐந்தாம் நாள் மாரடைப்பில் இறந்துவிட்டால், இறப்புச் சான்றிதழில் மாரடைப்பு என்றுதான் இருக்கும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் செய்யப்பட்டு 2018இல் வெளியான ஆய்வு, ஃப்ளூ உறுதியான முதல் ஏழு நாள்களில் மாரடைப்பு ஏற்படும் வாய்ப்பு மற்ற நாள்களைவிட ஆறு மடங்கு உயர்வதைக் காட்டியது. மாரடைப்புக்குச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தவர்களுக்கு மருத்துவமனையிலேயே ஃப்ளூ ஊசி போட்டுப் பார்த்த பன்னாட்டு ஆய்வு ஒன்று 2021இல் வெளியானது. நம் அண்டை நாடான வங்கதேசத்தின் நோயாளிகளும் அதில் இருந்தார்கள். அடுத்த ஓராண்டில் இறப்பு, மறுபடி மாரடைப்பு, ஸ்டென்ட் அடைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்த எண்ணிக்கை, ஊசி போட்டுக்கொண்டவர்களிடம் நான்கில் ஒரு பங்குக்கும் சற்றுக் கூடுதலாகக் குறைந்திருந்தது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வீட்டுக்கு வீடு இருக்கும் தமிழ்நாட்டில், இந்த ஊசியை நுரையீரலுக்கான ஊசி என்று மட்டும் பார்ப்பது போதாது.

கர்ப்பிணிகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். செவ்வாய்க்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனவர்களுக்கு அந்தக் காட்சி தெரியும். கர்ப்பிணிகள் பரிசோதனைக்காகக் காத்திருக்கும் பெஞ்சில், ஐந்தாம் மாதமும் ஒன்பதாம் மாதமும் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தி மடியில் மூக்கு ஒழுகும் மூத்த பிள்ளை இருக்கும். எடை, ரத்த அழுத்தம், ரத்தப் பரிசோதனை, இரும்புச்சத்து மாத்திரை, ரணஜன்னி–தொண்டை அடைப்பான் ஊசி எல்லாம் முறைப்படி நடக்கும். மாதம் ஏற ஏற வயிறு மேலெழுந்து நுரையீரல் விரிய இடம் குறைவதாலும், கருவை ஏற்றுக்கொள்வதற்காகத் தாயின் எதிர்ப்புச் சக்தி தன்னை மாற்றிக்கொள்வதாலும், அந்தப் பெண்களுக்கு ஃப்ளூ வந்தால் நிமோனியாவாக முற்றும் வாய்ப்பு கூடுதல். 2009இல் அமெரிக்காவில் எச்1என்1 காய்ச்சலால் இறந்தவர்களில் 20 பேருக்கு ஒருவர் கர்ப்பிணி. அந்நாட்டு மக்கள்தொகையிலோ கர்ப்பிணிகள் 100 பேருக்கு ஒருவர்தான்.

பிறக்கப்போகும் குழந்தைக்கும் இந்த ஊசியால் பயன் உண்டு. ஆறு மாதம் நிறைவதற்கு முன் குழந்தைக்கு ஃப்ளூ தடுப்பூசி போட முடியாது. அந்த ஆறு மாதமோ ஃப்ளூ வந்தால் மிக ஆபத்தான காலம். அப்போது குழந்தைக்குக் காப்பாக இருப்பது தாயின் உடலில் இருந்து நஞ்சுக்கொடி வழியாக வரும் எதிர்ப்பான்கள்தான். வங்கதேசத்தில் 2004–2005இல் நடந்து 2008இல் வெளியான ஆய்வில், கர்ப்ப காலத்தின் கடைசி மாதங்களில் ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்ட தாய்மாரின் குழந்தைகளுக்கு, முதல் ஆறு மாதத்தில் பரிசோதனையில் உறுதியான ஃப்ளூ 63 சதவீதம் குறைந்தது. காய்ச்சலோடு கூடிய சுவாச நோய் தாய்மாருக்கும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. குளிர்நாட்டு ஆய்வு, நமக்குப் பொருந்தாது என்று ஒதுக்க முடியாதபடி, நம்மைப் போன்ற தட்பவெப்பமும் நெருக்கமும் உள்ள நாட்டில் கிடைத்த முடிவு இது. இதன் பிறகு 2012இல் உலக சுகாதார நிறுவனம், ஃப்ளூ தடுப்பூசித் திட்டம் தொடங்கும் நாடுகள் கர்ப்பிணிகளுக்கே முதலிடம் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. நம் மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதலும் கர்ப்பிணிகளுக்கும் மருத்துவப் பணியாளர்களுக்கும் இந்த ஊசியைப் பரிந்துரைக்கிறது. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கு ஆண்டுதோறும் போடச் சொல்கிறது.

பரிந்துரை இருந்தும், தேசியத் தடுப்பூசி அட்டவணையில் இந்த ஊசி இல்லை. அட்டவணையில் இல்லாத ஊசி, எப்போதாவது சிறப்பு ஆணையின் பேரில் வாங்கித் தரப்பட்டாலும் நிலைத்து நிற்பதில்லை என்பதைக் களப்பணியில் இருந்தவர்கள் அறிவார்கள். மத்திய அரசு சேர்க்கும்வரை காத்திருக்க வேண்டிய கட்டாயம் மாநிலத்துக்கு இல்லை. 2015ஆம் ஆண்டு பாதிப்புக்குப் பிறகு மகாராஷ்டிர அரசு, கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரை, ரத்த அழுத்த நோயாளிகளுக்கும் தன் செலவிலேயே இந்த ஊசியை இலவசமாகப் போடத் தொடங்கியது. மக்கள் நல்வாழ்வில் முன்னோடி என்று பெருமைப்படும் நம் மாநிலத்தால் அது முடியாதா?

அடுத்து, எப்போது போடுவது என்ற கேள்வி. இதில்தான் பெரும் குழப்பம் இருக்கிறது. விளைவாக, பணம் கொடுத்துப் போட்டுக்கொள்பவர்கள்கூட முழுப் பயன் அடைவதில்லை. இந்தியா முழுவதற்கும் ஒரே ஃப்ளூ பருவம் கிடையாது. ஸ்ரீநகரில் ஜனவரி முதல் மார்ச் வரையான கடுங்குளிரில் அது உச்சம் அடைகிறது. டெல்லி, புனே, கொல்கத்தா போன்ற இடங்களில் தென்மேற்குப் பருவமழை பெய்யும் ஜூலை முதல் செப்டம்பர் வரை அதிகம். சென்னை, வேலூர் ஆகிய இடங்களின் கண்காணிப்புத் தரவுகளிலோ அக்டோபர், நவம்பரில், அதாவது நமக்கு மழை பெய்யும் மாதங்களில் அது ஏறுகிறது. ஈரக் காற்று, அடைத்த சன்னல், நெரிசலான பேருந்து, வகுப்பறை என்று பல காரணங்கள் ஒன்றுசேர்கின்றன. ஊசி போட்டு எதிர்ப்பான்கள் போதிய அளவு உருவாக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். சில மாதங்களில் அவை படிப்படியாகக் குறையவும் தொடங்கும். எனவே தமிழ்நாட்டில் ஏப்ரலில் போட்டால் உச்ச காலத்துக்குள் பலன் தேய்ந்துவிடும். நவம்பரில் ஊரெல்லாம் காய்ச்சல் என்ற பிறகு ஓடிப்போய்ப் போட்டால் பாதிப் பருவம் கடந்திருக்கும். ஆகஸ்ட் இறுதியும் செப்டம்பரும் நமக்கு உகந்த காலம்.

இந்த மாதங்களைச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் ஃப்ளூ தடுப்பூசியில் சேர வேண்டிய வைரஸ் வகைகளை ஆண்டுக்கு இருமுறை தீர்மானிக்கிறது. பிப்ரவரியில் வடகோளத்துக்கும், செப்டம்பரில் தென்கோளத்துக்கும் அறிவிப்பு வரும். பெரும்பாலான ஊசிகள் கோழிமுட்டைக் கருவில் வைரஸை வளர்த்துத் தயாரிக்கப்படுவதால், அறிவிப்புக்கும் ஊசி கைக்கு வருவதற்கும் இடையே ஏறத்தாழ ஆறு மாதம் ஆகிறது. பிப்ரவரியில் தீர்மானித்த ஊசி ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் சந்தைக்கு வருகிறது. நம் மழைக்காலத்துக்குச் சற்று முன் புதிதாகக் கிடைப்பது அதுதான். போன ஆண்டு சரக்கைத் தள்ளுபடியில் போடும் இடங்களும் உண்டு என்று கேள்விப்படுகிறேன். போட்டுக்கொள்பவர்கள் பெட்டியில் அச்சிட்டிருக்கும் ஆண்டையும் காலாவதித் தேதியையும் கேட்டுப் பார்ப்பது அவர்கள் உரிமை.

பருவம் தப்பியும் ஃப்ளூ வருவதுண்டு. 2023 மார்ச்சில் எச்3என்2 வகை பரவியபோது தமிழ்நாட்டில் 1,000 காய்ச்சல் முகாம்கள் நடத்தப்பட்டன. புதுச்சேரியில் எட்டாம் வகுப்பு வரை பள்ளிகளுக்கு மார்ச் 16 முதல் விடுமுறையே விட்டார்கள். செப்டம்பரில் போட்ட ஊசி அந்த மார்ச்சிலும் ஓரளவு கைகொடுத்திருக்கும்.

ஆண்டுதோறும் ஏன் போட வேண்டும் என்பது என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி. சென்னையில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது தனியார் மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர், மறுவருடம் மகன் மீண்டும் அழைத்ததும் துணை சுகாதார நிலைய வாசலில் வந்து நின்று, “நர்ஸம்மா, போன வருஷந்தானே போட்டேன்? அம்மைக்கு ஒருதரம் குத்துனா ஆயுசுக்கும் போதுங்கறீங்க, இதுக்கு மட்டும் வருஷா வருஷமா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அம்மை வைரஸ் தன் உருவத்தை மாற்றிக்கொள்வதில்லை. ஃப்ளூ வைரஸ் பெருகும்போதெல்லாம் அதன் மேற்புறப் புரதங்கள் சிறிது சிறிதாக மாறிக்கொண்டே இருக்கும். இதை உலகம் பட்டுத்தான் தெரிந்துகொண்டது. 1933இல் லண்டனில் வில்சன் ஸ்மித், கிறிஸ்டோஃபர் ஆண்ட்ரூஸ், பேட்ரிக் லெய்ட்லா ஆகிய மூவரும் மனிதரைத் தாக்கும் ஃப்ளூ வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். அமெரிக்காவில் தாமஸ் ஃபிரான்சிஸும், பின்னாளில் போலியோ தடுப்பூசியால் புகழ்பெற்ற ஜோனஸ் சால்க்கும் உருவாக்கிய ஊசி, 1945இல் பொதுமக்கள் பயன்பாட்டுக்கு வந்தது. இரண்டே ஆண்டில், 1947இல், அதே ஊசி ஏறக்குறையப் பயனற்றுப் போயிற்று, வைரஸ் மாறியிருந்தது. அந்தப் பாடத்துக்குப் பிறகே, எந்த ஊரில் எந்த வைரஸ் திரிகிறது என்று ஓயாமல் கவனிக்கும் உலகக் கண்காணிப்பு வலையமைப்பை உலக சுகாதார நிறுவனம் 1952இல் ஏற்படுத்தியது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளின் ஆய்வகங்கள் அதில் இருக்கின்றன. புனேயில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனம் இந்தியாவின் சார்பில் அதில் பங்கேற்கிறது. இந்தக் கண்காணிப்பு எவ்வளவு நுட்பமாக நடக்கிறது என்பதற்கு ஒரு சான்று: ஃப்ளூ வைரஸின் ‘பி’ வகையில் யமகட்டா என்ற கிளை 2020 மார்ச்சுக்குப் பிறகு எங்குமே தென்படாததால், அதை இனி ஊசியில் சேர்க்கத் தேவையில்லை என்று அறிவுறுத்தப்பட்டது. நான்கு வகை வைரஸுக்கான ஊசி மீண்டும் மூன்று வகைக்கானதாக மாறியது அதனால்தான்.

இந்தக் கண்காணிப்பில் தமிழ்நாட்டுக்கும் பழைய பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 1957இல் ‘ஆசிய ஃப்ளூ’ இந்தியாவுக்குள் நுழைந்தது சென்னைத் துறைமுகம் வழியாக. மே மாதத்தில் சிங்கப்பூரில் இருந்து வந்த கப்பல் பயணிகளோடு அது இறங்கியது. அடுத்த சில மாதங்களில் நாடெங்கும் பதிவான நோயாளிகள் மட்டும் 44 லட்சத்துக்கு மேல். அந்தத் தொற்றை ஆராய்ந்து பதிவுசெய்த மையம் நீலகிரியில், குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் இயங்கியது. 2009இல் கிண்டி கிங் ஆய்வகம் எச்1என்1 மாதிரிகளைப் பரிசோதித்ததையும் பலர் நினைவில் வைத்திருப்பார்கள். நோயைக் கண்டறிவதில் இத்தனை காலப் பயிற்சி உள்ள மாநிலம், தடுப்பதில் பின்தங்கியிருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

ஊசியின் குறைகளையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மறைத்துப் பேசினால், ஒருவருக்குச் சளி பிடித்ததும் ஊரே நம்பிக்கை இழந்துவிடும். தேர்ந்தெடுத்த வகையும் பரவும் வகையும் நன்றாகப் பொருந்திய ஆண்டுகளில், மருத்துவரிடம் போகும் அளவுக்கான ஃப்ளூவை இந்த ஊசி 40 முதல் 60 சதவீதம் வரை குறைக்கிறது. பொருந்தாத ஆண்டுகளில் அதைவிடக் குறைவு. வயதானவர்களின் உடல் ஊசிக்கு மந்தமாகவே பதில் தருகிறது. இருந்தும், ஊசி போட்டவருக்கு ஃப்ளூ வந்தாலும் மருத்துவமனைப் படுக்கைக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் போகும் நிலை குறைகிறது என்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. சாதாரணச் சளியை உண்டாக்கும் ரைனோ போன்ற வேறு வைரஸ்களை இது தடுக்காது. தடுக்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவும் கூடாது. “ஊசி போட்டதால்தான் காய்ச்சலே வந்தது” என்ற பேச்சு பரவலாக உண்டு. கையில் குத்தும் ஊசியில் இருப்பது உயிரற்ற வைரஸின் கூறுகள்; அவற்றால் ஃப்ளூ வர வழியில்லை. குத்திய இடத்தில் வலி, ஓரிரு நாள் உடல்வலி, லேசான காய்ச்சல் வரலாம். அமெரிக்காவில் 1976இல் பன்றிக் காய்ச்சலுக்கென்று அவசரமாகத் தொடங்கிய திட்டம், நரம்புகளைப் பாதிக்கும் கியான் பாரே நோய் ஏறத்தாழ லட்சத்துக்கு ஒருவர் வீதம் கூடுதலாக வந்ததால் நிறுத்தப்பட்டது. அதன்பின் வந்த பருவகால ஊசிகளில் அந்த ஆபத்து இருந்தாலும் 10 லட்சத்துக்கு ஒன்றிரண்டு பேருக்கு மேல் இல்லை. முன்பு ஃப்ளூ ஊசி போட்டுக் கடுமையான ஒவ்வாமை கண்டவர்களும், முன்னர் கியான் பாரே நோய் வந்தவர்களும் மருத்துவரைக் கலந்தே முடிவெடுக்க வேண்டும்.

ஊசி பரவலாக வேண்டும் என்பதற்கு இன்னொரு வலுவான காரணம் மருந்துக் கடைகளில் இருக்கிறது. காய்ச்சல், இருமல் என்று சொன்னதும் சீட்டு இல்லாமலே அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் மூன்று மாத்திரை வாங்கி விழுங்கும் பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. வைரஸுக்கு அந்த மாத்திரையால் எந்தப் பலனும் கிடையாது. 2023 மார்ச்சில் இந்திய மருத்துவச் சங்கமே ஆன்டிபயாட்டிக் மருந்துகளை இப்படித் தரக் கூடாது என்று மருத்துவர்களுக்கு அறிவுறுத்த வேண்டியிருந்தது. ஃப்ளூவுக்கு உரிய ஓசெல்டாமிவிர் மருந்து, அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் தரும்போதுதான் நன்றாக வேலை செய்கிறது. நம் மக்கள் மருத்துவரிடம் வருவதோ பெரும்பாலும் நான்காம் நாள். ஃப்ளூ வருவதைக் குறைத்தால் இந்த வீண் மாத்திரைகளும் குறையும்.

செலவைப் பற்றிச் சொல்கிறேன். தனியாரிடம் ஓர் ஊசிக்குக் கணிசமான தொகை வாங்குகிறார்கள். கூலி வேலைக்குப் போகும் குடும்பத்தில் தாத்தா, பாட்டி, கர்ப்பிணி மருமகள் மூவருக்கும் போட நினைத்தால் பல நாள் கூலி போய்விடும். அதனால் அவர்கள் நினைப்பதே இல்லை. ஆனால் சில்லறை விலையை வைத்து அரசின் செலவைக் கணக்கிடக் கூடாது. 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மொத்தமாக ஒப்பந்தப்புள்ளி கோரி மருந்துகளைச் சந்தை விலையில் சிறு பங்குக்கு வாங்கி, மாவட்டக் கிடங்குகள் வழியாக ஆரம்ப சுகாதார நிலையம் வரை சேர்ப்பதில் இந்தியாவுக்கே முன்மாதிரியாக இருந்து வருகிறது. ஃப்ளூ ஊசியை இந்தியாவிலேயே தயாரிக்கும் நிறுவனங்கள் ஒன்றுக்கு மேற்பட்டவை இருக்கின்றன. ஆண்டுக்கு 8 முதல் 9 லட்சம் பிரசவம் நடக்கும் மாநிலம், பல லட்சம் ஊசிகளுக்கு ஒரே கொள்முதலாகப் பேரம் பேசினால் விலை எவ்வளவு இறங்கும் என்பதைக் கழகத்தின் அதிகாரிகள் நன்கு அறிவார்கள்.

போடுவதற்கான ஏற்பாடும் புதிதாகத் தேட வேண்டியதில்லை. புதன்கிழமைதோறும் துணை சுகாதார நிலையங்களில் தடுப்பூசி நாள் நடக்கிறது. ஃப்ளூ ஊசியை 2 முதல் 8 டிகிரி வெப்பநிலையில் வைக்க வேண்டும், உறைந்தால் வீணாகிவிடும். ரணஜன்னி ஊசிக்கும் அதே விதிதான் என்பதால் எங்கள் செவிலியர்களுக்கு அது கைவந்த பழக்கம். புதன் காலையில் ஐஸ் பேக்கை உறைபெட்டியில் இருந்து எடுத்ததும், ஊசி மருந்தை எடுத்துச் செல்லும் குளிர்பெட்டியான கேரியரில் அடுக்கிவிட மாட்டோம். மேசைமேல் பரப்பி வைத்து, மேலே வியர்க்கவிட்டு, காதருகில் குலுக்கி, உள்ளே தண்ணீர் அலம்பும் சத்தம் கேட்ட பிறகே கேரியரின் நான்கு பக்கமும் அடுக்கி நடுவில் மருந்துக் குப்பிகளை வைப்போம். சத்தம் கேட்கும் முன் அவசரப்பட்டு அடுக்கினால் மருந்து உறைந்துபோகும். இந்த நுணுக்கம் அறிந்த செவிலியர்கள் ஊருக்கு ஊர் இருக்கும்போது, ஃப்ளூ ஊசிக்கென்று தனிப் படையோ தனிக் கட்டமைப்போ எதற்கு? 2021 செப்டம்பர் 12 அன்று நடந்த முதல் கொரோனா மெகா முகாமில் ஒரே நாளில் 28 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு இதே செவிலியர்கள்தான் ஊசி போட்டார்கள்.

யாருக்குப் போடுவது என்ற பட்டியலும் அரசின் கையிலேயே இருக்கிறது. ஒவ்வொரு கர்ப்பிணிக்கும், அரசின் கர்ப்பிணிகள் பதிவேடான பிக்மியில் ஓர் எண் உண்டு. எத்தனையாவது மாதம், எந்தத் துணை சுகாதார நிலையம் என்பதெல்லாம் கணினியில் உள்ளன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், சர்க்கரை, ரத்த அழுத்த நோயாளிகளின் பெயரும் முகவரியும் தெருவாரியாகப் பதிவாகியுள்ளன. மாதந்தோறும் பெண் சுகாதாரத் தன்னார்வலர் திண்ணையில் உட்கார்ந்து, பாட்டியின் கையில் மெட்ஃபார்மின் அட்டையைக் கொடுத்து, அழுத்தம் பார்த்து, குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் போகிறார். ஃப்ளூ வந்தால் முதலில் சாயக்கூடியவர்கள் யார் என்று கேட்டால் அந்தக் குறிப்பேட்டைப் புரட்டினாலே போதும். தன்னார்வலர்கள் ஊசி போடக் கூடாது, போடவும் வேண்டாம். ஆகஸ்ட் மாத மாத்திரையோடு “அடுத்த புதன்கிழமை ஊசிக்கு வந்துடுங்க பாட்டி” என்று ஒரு சீட்டைக் கொடுத்தால், வரக்கூடியவர்கள் வருவார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு, கொரோனா காலத்தில் செய்ததைப் போல, செவிலியர் வீட்டுக்கே போகலாம்.

மருத்துவப் பணியாளர்களைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். இருமிக்கொண்டே பிரசவ வார்டில் பணிபார்க்கும் செவிலியரும், காய்ச்சலோடு புறநோயாளிகளைப் பார்க்கும் மருத்துவரும் கடமை உணர்வால்தான் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் அவர்கள் வழியாகப் பச்சிளம் குழந்தைக்கும் டயாலிசிஸ் நோயாளிக்கும் தொற்று போகிறது. அரசு மருத்துவமனையோ தனியார் மருத்துவமனையோ, துப்புரவுப் பணியாளர், ஆம்புலன்ஸ் ஓட்டுநர், ஆயா உட்பட அனைவருக்கும் நிர்வாகம் தன் செலவில் செப்டம்பரில் இந்த ஊசியைப் போட வேண்டும் என்று அரசு ஆணையிட வேண்டும்.

நடைமுறையில் முதலில் செய்ய வேண்டியவை இரண்டு. தாய் சேய் நல அட்டையில் ஃப்ளூ ஊசிக்கென்று ஒரு கட்டம் அச்சிட வேண்டும். கட்டம் காலியாக இருந்தால் செவிலியர் கேட்பார், மேற்பார்வையாளர் அவரைக் கேட்பார், தாயும் அட்டையைக் காட்டி “இது எனக்கு ஏன் போடலை?” என்று கேட்பாள். அட்டையில் அச்சாகாத எதையும் யாரும் கேட்பதில்லை. இரண்டாவது, கொள்முதல் காலம். உலக சுகாதார நிறுவனத்தின் அறிவிப்பு பிப்ரவரி இறுதியில் வந்துவிடுகிறது. நிதிநிலை அறிக்கையில் தொகை ஒதுக்கி, பிக்மி பதிவையும் மக்களைத் தேடி மருத்துவப் பட்டியலையும் வைத்துத் தேவையைக் கணக்கிட்டு, மருத்துவப் பணிகள் கழகம் மார்ச்சில் ஒப்பந்தப்புள்ளி கோரினால்தான் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்துக்குள் மாவட்டக் கிடங்குகளுக்கு ஊசி வந்து சேரும். மழைக்கால முன்னெச்சரிக்கைக் கூட்டம் வழக்கமாகச் செப்டம்பரிலோ அக்டோபரிலோ நடத்தப்படுகிறது. அப்போது இந்தப் பேச்சை எடுத்தால் அந்த ஆண்டுக்குக் காலம் கடந்திருக்கும். வரும் நிதிநிலை அறிக்கைக்கு முன்பே இதைப் பொது சுகாதாரத் துறையின் பார்வைக்குக் கொண்டுபோக தங்கள் நாளிதழ் உதவ வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சமுதாய சுகாதார செவிலியர்,
தஞ்சாவூர் மாவட்டம்.